கம்பெனி கையை விரித்தால் கதை முடிந்ததா?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு நாள் மாலை, ஷிப்டு விடும் நேரம். கோவைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் நமது சங்கக் காரியாலயத்திற்கு வந்தார். களை எடுத்த கை, மண் கூடக் கழுவவில்லை. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய புருஷன் ஸ்பின்னிங் மில்லில் சைடு பார்த்த தொழிலாளி. நைட் ஷிப்டு முடிந்து வீடு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார், போய்விட்டார். அவர் பெயரில் ஒரு தனியார் கம்பெனியில் 3 லட்ச ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அதைக் கேட்டதற்குக் கம்பெனி அனுப்பிய பதில்தான் அந்தக் காகிதம். முழுக்க இங்கிலீஷ்.

நாங்கள் படித்துப் பார்க்கும் முன்பே அந்தத் தாய் கேட்டார்: "எம்பட வூட்டுக்காரரு பொய்யி சொல்லிப்போட்டாருன்னு இதுல எழுதியிருக்குதாமா. நெசந்தானுங்களா?"

தோழர்களே, பணம் வருமா வராதா என்று அவர் முதலில் கேட்கவில்லை. செத்துப்போன மனிதனைப் பொய்யன் என்று எழுதிவிட்டார்களே என்பதுதான் அவருடைய முதல் வேதனை.

கடிதத்தில் என்ன இருந்தது? ஆஸ்பத்திரிச் சீட்டில், இவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் எழுதியிருக்கிறார், பாலிசி எடுத்தபோது விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை, உண்மையை மறைத்தார், ஆகவே ஒரு பைசா கிடையாது. இவ்வளவுதான்.

அந்த விண்ணப்பத்தை எழுதியது யார்? ஏஜண்டு. மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து அவரே எல்லாக் கட்டத்திலும் 'இல்லை, இல்லை' என்று நிரப்பினார். தொழிலாளி கையெழுத்துப் போட்டார். இது இந்த ஒருவர் கதை அல்ல. இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்? ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

இன்று நாம் பேச வந்தது இதுதான். கம்பெனி 'இல்லை' என்று எழுதினால் அது தீர்ப்பு அல்ல. அது ஒரு தரப்பின் பேச்சு. நாம் வாய் திறக்காவிட்டால்தான் அது தீர்ப்பாகிறது. நமது மௌனத்தைத்தான் அவன் நம்பியிருக்கிறான்.

பணம் யாருடையது?

முதலில் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். பாங்கிக் கணக்கு மூலம் எடுக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி இன்ஷூரன்ஸ் 2015-ல் தொடங்கியது. 2022 ஜூன் முதல் அதற்கு வருஷப் பிரிமியம் 436 ரூபாய். இறந்தால் 2 லட்சம். ஒரு கிராமத்தில் ஆயிரம் பேர் இதில் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூல் 4 லட்சத்து 36 ஆயிரம். அந்த வருஷம் இரண்டு பேர் இறந்தால் கொடுக்க வேண்டியது 4 லட்சம். மிச்சம் 36 ஆயிரம். அந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றை ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால்? மிச்சம் 2 லட்சத்து 36 ஆயிரம்!

ஒரு கடிதம் எழுதினால் 2 லட்சம் மிச்சமாகிறது என்றால், லாபத்துக்காக நடக்கும் கம்பெனி அந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்குமா? இது ஒரு ஆபீசரின் கெட்ட குணம் மட்டுமல்ல. லாப வேட்டையின் குணம். உண்மையில் அந்த நிதி யாருடையது? ஆயிரம் பேர் வியர்வை சிந்திப் போட்ட பொதுப்பணம். துக்கம் வந்த வீட்டுக்கு மற்ற வீடுகள் கூடிச் செய்யும் உதவி. இடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதுதான் கம்பெனியின் வேலை. கணக்குப்பிள்ளை களஞ்சியத்துக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான்!

இது புதுக்கதையும் அல்ல. சுதந்திரம் வந்த காலத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தனியார் கையில் இருந்தது. ஜனங்கள் கட்டிய பணத்தை முதலாளிகள் தங்கள் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பினார்கள். 1956-க்கு முந்திய பத்தாண்டுகளில் மட்டும் 25 கம்பெனிகள் மூடப்பட்டன. இன்னும் 25 கம்பெனிகள் கையிருப்பைக் கரைத்துவிட்டு வேறு கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. நஷ்டம் யாருக்கு? பணம் கட்டிய ஏழைகளுக்கும் நடுத்தர மக்களுக்கும்தான். பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நிதியை டால்மியா கையாடிய ஊழலை 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் போட்டு உடைத்தார். பிறகு அந்த வழக்கில் டால்மியா தண்டனையும் பெற்றார். இன்ஷூரன்ஸ் ஊழியர்களின் அகில இந்திய சங்கம் 1951-ல் தோன்றியது முதலே தேசியமயத்தைக் கோரி வந்தது. 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. 245 நிறுவனங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி எல்.ஐ.சி. பிறந்தது. விபத்து, தீ, வாகனம் முதலிய பொது இன்ஷூரன்ஸும் 1972-ம் வருஷச் சட்டப்படி தேசியமாயிற்று. 107 கம்பெனிகள் 1973 முதல் நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளாயின.

மூடிய கதவை மறுபடி திறந்தது எப்போது? 1999-ம் வருஷச் சட்டம். அந்நிய மூலதனத்துக்கு முதலில் 26 சதம் என்றார்கள். 2015-ல் 49 சதம். 2021-ல் 74 சதம். 2025 டிசம்பரில் நூற்றுக்கு நூறும் அந்நியன் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் நிறைவேற்றினார்கள். கூடாரத்துக்குள் தலையை நீட்டிய ஒட்டகம் முழுசாக உள்ளே வந்துவிட்டது.

பொதுத்துறையில் எல்லாம் ஒழுங்கு என்று நாம் சொல்லவில்லை. அங்கும் ஏழை வந்தால் 'நாளைக்கு வா' என்கிற நாற்காலிகள் உண்டு. ஆனால் அது நமது சொத்து. நமது சொத்தில் தூசி படிந்தால் துடைப்போம், திருடனுக்கு விற்கமாட்டோம்.

அவர்கள் சொல்லும் நான்கு சாக்குகள்

நமது காரியாலயத்துக்கு வரும் மறுப்புக் கடிதங்களைப் பார்த்தால் பெரும்பாலும் நான்கே சாக்குகள்தான்.

முதல் சாக்கு: 'வியாதியை மறைத்தார்.' இதற்குப் பதில் 1938-ம் வருஷ இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவில் இருக்கிறது. எண்ணை மனதில் குறித்துக்கொள்ளுங்கள் தோழர்களே: நாற்பத்தைந்து! 2015-ல் திருத்தப்பட்ட அந்தப் பிரிவின்படி, ஆயுள் பாலிசி தொடங்கி மூன்று வருஷம் தாண்டிவிட்டால், எந்தக் காரணத்தைச் சொல்லியும் கம்பெனி அந்தப் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. எந்தக் காரணமும் என்றால், மோசடி என்ற காரணமும்தான். மூன்று வருஷத்துக்குள் ஆனால் கேள்வி கேட்கலாம். அப்போதும் என்ன காரணம், எந்தத் தஸ்தாவேஜை வைத்துச் சொல்கிறோம் என்பதை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். மோசடி என்று சொல்லாமல், தகவலை மறைத்தார் என்று மட்டும் சொல்லி மறுத்தால், கட்டிய பிரிமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். ஒரு எச்சரிக்கை: தவணை தவறி, பாலிசி காலாவதியாகி, மறுபடி புதுப்பித்தால், அந்த மூன்று வருஷம் புதுப்பித்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கும்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கான மருத்துவ இன்ஷூரன்ஸிலும் இப்படி ஒரு கெடு உண்டு. 2024-ல் வந்த விதிப்படி, ஐந்து வருஷம் தொடர்ந்து கட்டியிருந்தால், மோசடியை நிரூபித்தாலன்றி, 'மறைத்தாய்' என்று மறுக்க முடியாது.

இரண்டாவது சாக்கு: 'தாமதமாகச் சொன்னாய்.' வீட்டில் பிணம் கிடக்கும்போது கம்பெனிக்குக் கடிதம் எழுத யாருக்குத் தோன்றும்? வாகனத் திருட்டு வழக்கு ஒன்றில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள்: போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கோரிக்கையை மறுக்கக் கூடாது. ஆகவே தாமதம் ஆகிவிட்டது என்று சோர்ந்து உட்காராதீர்கள். தாமதத்தின் காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது சாக்கு: 'இன்னும் ஒரு காகிதம்.' இன்று மரணச் சர்டிபிகேட், நாளை வாரிசுச் சர்டிபிகேட், மறுநாள் டாக்டர் சீட்டு. நடந்து நடந்து கால் தேய வேண்டும், பஸ் காசு கரைய வேண்டும், கடைசியில் நாமே கைவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். இதற்கு ஒரே மருந்து: வாயால் கேட்பதற்கு வாயால் பதில் சொல்லாதே! 'வேண்டிய காகிதங்கள் முழுவதையும் ஒரே பட்டியலாக எழுதிக் கொடுங்கள்' என்று கேள். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு.

நான்காவது சாக்கு அல்ல, தந்திரம்: பாதிப் பணத்தை நீட்டி, 'முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்பது. பட்டினி கிடப்பவன் போட்டுத்தான் தீருவான். ஆனால் அப்படிக் கையெழுத்துப் போட்டதால் மீதியைக் கேட்கும் உரிமை போய்விடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே 2015-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. முடிந்தால் கையெழுத்துக்கு மேலே 'ஆட்சேபணையுடன் பெற்றேன்' என்று நான்கு எழுத்துச் சேர்த்து எழுதுங்கள்.

தெரியாமலே இருக்கும் பாலிசிகள்

கேட்காததால் போகிற பணமும் உண்டு. மில்லில் பி.எப். பிடிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், வேலையில் இருக்கும்போது இறந்தால் 7 லட்சம் வரை கிடைக்கும் இன்ஷூரன்ஸ் ஒன்று 1976 முதல் இருக்கிறது. தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, நிர்வாகம் கட்டுகிறது. இது பி.எப். ஆபீசில் கேட்க வேண்டியது. பி.எப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இதைக் கேட்காமல் வீடு திரும்பிய குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயரை பி.எப்.பில் பதியாமல் வைத்திருக்கும் நிர்வாகம் சம்பளத்தை மட்டும் திருடவில்லை. சாவுக்குப் பின் வரவேண்டியதையும் சேர்த்துத் திருடுகிறது!

வயல் வேலை செய்யும் தோழர்கள் இதைக் கவனியுங்கள். பாங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடித்தம் செய்யும் சுரட்சா விபத்து இன்ஷூரன்ஸ் பலருக்கும் இருக்கிறது. விபத்தில் இறந்தால் 2 லட்சம். ரோட்டு விபத்து, நீரில் மூழ்குவது போன்றவற்றுக்குப் போலீசில் பதிவு வேண்டும். பாம்பு கடித்தாலும் மரத்திலிருந்து விழுந்தாலும் உடனே ஆஸ்பத்திரியில் காட்டிய சீட்டு இருக்க வேண்டும். நமது ஆட்களில் சிலர் பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகிறார்கள். அதனால் உயிரும் போகிறது. சீட்டும் இல்லாமல் போகிறது. நேரே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் உயிருக்காக, அப்புறம் குடும்பத்துக்காக.

இந்த 20 ரூபாயும் முன்னே சொன்ன 436 ரூபாயும் மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து எடுக்கப்படுகின்றன. அந்த வாரம் கணக்கில் 456 ரூபாய் இல்லையென்றால் ஜூன் முதல் தேதியிலிருந்து பாதுகாப்பு இல்லை. மே இருபதாம் தேதி ஊரில் தண்டோராப் போட்டாலும் தகும்!

எங்கே போவது?

மறுப்பு வந்தால் என்ன செய்வது? வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். ஏஜண்டு 'வராதுங்க' என்று சொன்னது மறுப்பு ஆகாது. கூடவே, நமது ஆள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலையும் கேளுங்கள்.

இரண்டாவது, அதே கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதுங்கள். 155255 என்ற எண்ணில் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனிலும் புகார் சொல்லலாம்.

மூன்றாவது, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், சென்னையில் ஆம்பட்ஸ்மேன் எனப்படும் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை. வக்கீல் கூடாது என்பது அங்கே விதி. கம்பெனிக்காரனும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும் என்பதை மறக்காதீர்கள். கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே முதலில் இங்கே போங்கள்.

நான்காவது, ஜில்லா நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷக் கெடு. கட்டிய பிரிமியம் 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. நம்மில் யார் 5 லட்சம் பிரிமியம் கட்டினோம்?

தோற்ற கதையும் சொல்ல வேண்டும்

எல்லாம் ஜெயம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நாம் வரவில்லை. இன்னொரு வழக்கு. விவசாயக் கூலி வேலை செய்த இளைஞர். முன்பே இருதய ஆபரேஷன் ஆனவர். ஏஜண்டிடம் அதைச் சொல்லியும் இருக்கிறார். 'அதெல்லாம் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கறேன்' என்று ஏஜண்டு சொல்லிவிட்டார். பாலிசி எடுத்து ஒரு வருஷத்துக்குள் இளைஞர் இறந்தார். நாங்கள் எல்லாக் கதவையும் தட்டினோம். தோற்றோம். கட்டிய பிரிமியம் மட்டும் திரும்பி வந்தது. ஏஜண்டு கமிஷனோடு போய்விட்டார். எழுத்தில் 'இல்லை' என்றிருக்க, வாயால் சொன்னதற்குச் சாட்சி எங்கே?

ஆகவே சண்டை மறுப்புக் கடிதம் வந்த நாளில் தொடங்குவதல்ல. கையெழுத்துப் போடும் நாளிலேயே தொடங்குகிறது. வியாதி இருந்தால் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். பிரிமியம் கொஞ்சம் கூடினால் கூடட்டும். நிரப்பிய விண்ணப்பத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நாமினி பெயர் சரியா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தாயார் பெயரைக் கொடுத்தவர் அப்படியே விட்டுவிட்டால், பின்னால் மாமியாரும் மருமகளும் கோர்ட்டு ஏற வேண்டியிருக்கும். பாலிசி எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிவையுங்கள். ரகசியமாக வைத்த பாலிசியால் கம்பெனிக்குத்தான் லாபம்.

தனியாகப் போகாதீர்கள்

முதலில் சொன்ன அந்தத் தாயின் வழக்கு என்ன ஆயிற்று? அவர் மறுநாள் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டு வந்தார். புருஷன் கட்டிய ஒவ்வொரு ரசீதும் அதில் இருந்தது. ஒரு தவணை கூடத் தவறவில்லை. பாலிசி எடுத்து நாலு வருஷம் தாண்டியிருந்தது. மூன்று வருஷக் கெடு முடிந்து எவ்வளவோ நாளாயிற்று! கம்பெனியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதியவனுக்கு 45-வது பிரிவு தெரியாதா? தெரியும். அந்தத் தாய்க்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

நாங்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். ஒரு மாதம் பதில் இல்லை. ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதினோம். விசாரணைத் தேதி வரும் முன்பே கம்பெனியிடமிருந்து வேறு கடிதம் வந்தது: முந்திய முடிவை வாபஸ் வாங்குகிறோம், பணம் அனுப்புகிறோம் என்று. நாங்கள் படித்துச் சொன்னோம். அந்தத் தாய் கேட்டார்: "பணம் இருக்கட்டுமுங்க. பொய்யின்னு எழுதுனதை அழிச்சுப்போட்டாங்களா?" அழித்துவிட்டார்கள் அம்மிணி, என்றோம். அவர் அந்தக் காகிதத்தையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

தோழர்களே, இப்படி எத்தனை பெட்டிகள் திறக்கப்படாமல் கிடக்கின்றன! ஆகவே ஒவ்வொரு மில் கமிட்டியும் ஒவ்வொரு கிராமக் கிளையும் வாரத்தில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யாருக்கு என்ன பாலிசி, நாமினி யார், மறுப்பு வந்த தேதி என்ன, கெடு எப்போது முடிகிறது என்று அதில் எழுதுங்கள். இங்கிலீஷ் படித்த நம் பிள்ளைகளைக் கடிதம் படிக்கக் கூட்டி வாருங்கள்.

கூடவே பெரிய கோரிக்கைகளையும் விடக்கூடாது. பாலிசியும் மறுப்புக் கடிதமும் தமிழில் இருக்க வேண்டும். பொய்யாக நிரப்பிய ஏஜண்டும் கம்பெனியும் பொறுப்பேற்க வேண்டும். நூறு சத அந்நிய மூலதனச் சட்டத்தை வாபஸ் வாங்க வேண்டும். பொதுத்துறையைப் பலப்படுத்த வேண்டும். கேட்டால் நடக்குமா என்று சிலர் கேட்கலாம். ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரிமியத்தின் மேல் 18 சதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். அதை எடு என்று ஊழியர் சங்கங்களும் ஜனங்களும் வருஷக்கணக்கில் கேட்டார்கள்; 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு அந்த வரி போயிற்று. விடாமல் கேட்டால் அசைகிறது.

நமது உழைப்பில் மிச்சம் பிடித்துக் கட்டிய பணம் அது. பிச்சை அல்ல. அடுத்த முறை ஒரு வீட்டுக்கு 'இல்லை' என்ற கடிதம் வந்தால், அந்த வீட்டுப் பெண் தனியாக அழுதுகொண்டு நிற்கக்கூடாது. கிளைத் தோழர்கள் நான்கு பேர் அவருடன் நிற்க வேண்டும், நோட்டுப் புத்தகத்தோடு.